வரவேற்பறையில் பிறந்த ஒலி

ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசை நிறுவனத்தின் பழைய இசைத்தட்டு கிடைத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவிலுள்ள லேபிளுக்கும் இடையே வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். பல தட்டுகளில் அங்கே 'ஆர்விஜி' என்று பொறித்திருக்கும். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் அவை.

பெர்லினில் பிறந்த ஆல்ஃப்ரெட் லயன் 1939இல் நியூயார்க்கில் ப்ளூ நோட்டைத் தொடங்கினார். அதே ஆண்டு நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் சேர்ந்துகொண்டார். கையில் காசு குறைவுதான். ஆனாலும் பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை வந்ததே இதனால்தான். கடினமான புது மெட்டுகளைத் துணிந்து வாசிக்க அந்த ஒத்திகைகள் இடம் கொடுத்தன.

சரி, தலைப்பில் சொன்ன அந்த ஒலிக்கு வருவோம். வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், பெற்றோர் வீட்டு வரவேற்பறைதான் அவருடைய ஸ்டூடியோ. 1950களில் ப்ளூ நோட்டின் பதிவுகள் பெரும்பாலும் அங்கேதான் நடந்தன.

அவர் பயன்படுத்திய கண்டென்சர் மைக்கில் தங்கம் பூசிய மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதற்குப் பின்னால், மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. ஒலி பட்டுச் சவ்வு அசைய, இடைவெளி மாறுகிறது. கூடவே மின்னழுத்தமும் மாறுகிறது. அந்த மைக்கை அவர் வாத்தியத்துக்கு மிக அருகில் வைத்தார். தூரம் பாதியானால் வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும்; அறைச் சுவர்களில் பட்டு வரும் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். டிரம்பெட் நம் காதருகே நின்று ஊதுவது போலக் கேட்பது இதனால்தான்.

அப்புறம், லாக்கர் பூசிய மூலத்தட்டில் பள்ளம் வெட்டும் வேலை. கனத்த பாஸ் ஒலி, அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, வெட்டும் ஊசியை அகலமாக ஆட்டும். பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். அதனால் வெட்டும்போது பாஸைக் குறைத்து, கூர்மையான ஒலிகளைக் கூட்டுவார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் திருப்பிச் சரிசெய்யும். தட்டின் கரகரப்பும் அதோடு அடங்கும். வான் கெல்டர் அதற்கும் மேலே, சத்தத்தைத் தாராளமாக ஏற்றியே வெட்டினார். பள்ளங்களுக்கு அதிக இடம் வேண்டியிருந்தாலும், மீதிக் கரகரப்பு இசைக்கடியில் அமுங்கிவிடும்.

1965இல் லயன் ப்ளூ நோட்டை லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றார். அந்தத் தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் வாங்குமுன் அந்த வளையத்தைத்தான் சாய்த்துப் பார்க்கிறார்கள்.