‘முடியாது’ என்று சொல்ல மறந்த மென்பொருள்

வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “கடவுச்சொல்லைத் திருடி உள்ளே புகுந்தார்கள், சரி. அனுப்பிய உத்தரவெல்லாம் வங்கிக் கணினியில் பதிவாகியிருக்குமே, அதை எப்படி மறைத்தார்கள்?”

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் திருட்டுப் பணம் போய்ச் சேர்ந்த மணிலாவின் சூதாட்ட விடுதிகளுக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு மனம் நிற்பது வாசகர் கேட்ட இந்த இடத்தில்தான்.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. மறுநாள் வெள்ளி, டாக்காவில் வார விடுமுறை. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசம் வைத்திருந்த கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 ஸ்விஃப்ட் செய்திகள் போயின. ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலையமைப்பு. அது பணத்தைச் சுமப்பதில்லை. தந்தி மாதிரி, தகவலை மட்டும்தான் சுமக்கிறது.

அப்படிப் போகும், வரும் செய்திகள் டாக்காவில் ஒரு ஆரக்கிள் தரவுத்தளத்தில் பதிவாகும். கண்டவர்களும் அதில் கைவைக்காதபடி மென்பொருளுக்குள் ஒரு சோதனை இருந்தது. திருடர்களின் நிரல் அதை என்ன செய்தது என்பதை பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2016 ஏப்ரலில் பிரித்துக் காட்டினார்கள்.

சோதனையின் கடைசிப் படி இது: விடை சுழியமா என்று பார். இல்லையென்றால் 4 பைட் தாண்டிக் குதி. குதித்து விழும் இடத்தில் ‘தோல்வி’ இருக்கிறது. குதிக்காவிட்டால் அடுத்த வரியே ‘வெற்றி’. அந்தக் ‘குதி’ என்ற கட்டளை இயந்திர மொழியில் இரண்டே பைட்: 75 04. திருடர்கள் அதை 90 90 என்று மாற்றினார்கள். 90 என்றால் ‘சும்மா இரு, அடுத்ததைப் பார்’.

அவ்வளவுதான்! சோதனை வழக்கம்போல நடக்கிறது, தோற்கவும் செய்கிறது. ஆனால் குதிக்க வேண்டிய இடத்தில் யாரும் குதிப்பதில்லை. நேரே நடந்து ‘வெற்றி’யில் போய் நிற்கிறார்கள். இந்த மாற்றத்தையும் வட்டில் இருந்த கோப்பில் செய்யவில்லை, ஓடிக்கொண்டிருந்த மென்பொருளின் நினைவகத்தில் செய்தார்கள். திருட்டு என்பதை மறந்து ரசிக்கத் தோன்றுகிறது.

அப்புறம் பதிவுகளை அழிப்பது எளிது. மிச்சம் இருந்தது காகிதம். ஒவ்வொரு செய்தியும் தானாக அச்சாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் கோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. பிரிண்டர் ஓடவில்லை என்றதும், வழக்கமான கோளாறு என்றே ஊழியர்கள் நினைத்தார்கள். அது உயிர்பெற்று நியூயார்க்கின் விசாரிப்புகள் வந்து விழுந்தபோது அங்கே வார இறுதி. திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை.

இவ்வளவு கச்சிதமான வேலை சறுக்கியது சில்லறை விஷயங்களில். இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபாண்டேஷன்’ என்று எழுதியதால் திரும்பி வந்தது. இன்னும் 85 கோடி தப்பியதில், பணம் போக வேண்டிய மணிலா வங்கிக் கிளை இருந்த ஜூப்பிட்டர் தெருவுக்கும் பங்குண்டு. ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலில் ‘ஜூப்பிட்டர்’ என்று ஒரு கப்பல் பெயரும் இருந்ததால் நியூயார்க் வங்கியின் கணினி அந்த உத்தரவுகளைப் பிடித்து நிறுத்தியது. வியாழக்கிழமைத் திருட்டு, நிறுத்தியது வியாழனின் பெயர். குரு பார்க்கக் கோடி நன்மை என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நடந்தது வெறும் எழுத்துப் பொருத்தம். அதே ஜூப்பிட்டர் தெருக் கிளைக்கு அதற்குள் நான்கு உத்தரவுகளில் 8.1 கோடி டாலர் போய்ச் சேர்ந்திருந்தது.