தண்ணீர்மலையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பினாங்கில் தண்ணீர்மலை என்றால் முருகன் கோயிலும் தைப்பூசமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குக் காரணமான அருவி, கொஞ்சம் தள்ளி, 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் விழுகிறது. அதன் ஓடை பூங்காவின் நடுவே ஓடுகிறது.

போன ஞாயிறு காலை பசியாறிவிட்டு அண்ணனும் நானும் கிளம்பினோம். பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள மூன் கேட் என்ற வளைவு வாசல் வழியாக ஏறி, பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையின் உச்சியைத் தொட்டு, ஜீப் பாதையில் இறங்கிப் பூங்காவுக்கே திரும்புவதாகத் திட்டம். ஒரு வாரமாக மழையில்லை. ஓடையோ சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மழையே காணோமே தம்பி, இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றார் அண்ணன்.

பதில் காலடியில்தான் கிடந்தது. பாதையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தோம். சோளக் குருணை போல நறநறக்கும் மணல், இடையிடையே மின்னும் மைக்காத் துணுக்குகள், விரலில் ஒட்டும் செங்களிமண். இந்த மலை கிரானைட். கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா மூன்றும் கோத்துக்கொண்டிருக்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கிவிடும். பிடிப்புப் போனதும் குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது. நம் ஊரைப் போல வெயிலும் மழையும் ஓயாத இடத்தில் பாறை இப்படிப் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போகும்.

இந்த மக்கிய பாறைதான் மலையின் தண்ணீர்த் தொட்டி. மழைநீர் மணலின் இடுக்குகளில் இறங்கி, நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஊர்ந்து, அடியிலுள்ள கெட்டிப் பாறையின் வெடிப்புகளை அடைந்து ஊற்றாக வெளிவருகிறது. அப்படியென்றால் அன்று நாங்கள் பார்த்தது என்றைக்கோ பெய்த மழை! மேலே காடு இருப்பதால்தான் இது நடக்கிறது. சருகும் வேரும் மழையின் அடியைத் தாங்கி, நீரை உள்ளே அனுப்புகின்றன. சரிவை மொட்டையடித்தால் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மணி நேரத்தில் ஓடிவிடும். அப்புறம் ஓடை வறண்டு கிடக்கும். 2021இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றபோது நான் மகிழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சி சுமார் 833 மீட்டர். கடற்காற்று மலையில் மோதி ஏறும்போது, மேலே அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதால் குளிர்கிறது, 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. ஈரம் மேகமாகத் திரளத் தொடங்கினால் வெப்பம் வெளிப்படும். அதற்குமேல் குளிர்வது மெதுவாகிறது. மொத்தத்தில் கீழே உள்ள ஜார்ஜ் டவுன் நகரைவிட உச்சியில் ஐந்து டிகிரி போலக் குறைவு. நாங்கள் போனபோது மேலே ஒரே மூடுபனி.

ஜீப் பாதையில் இறங்கும்போது அண்ணன் ஒரு வளைவில் நின்றுவிட்டார். பாதைக்காக வெட்டிய மண்சுவரில், இடுப்பளவு உயரத்தில், ஈரமாக ஒரு கோடு. அதற்கு மேலே காய்ந்த செம்மண், கீழே பாசி. கோட்டில் ஒரு துளி திரண்டு, கனத்து, சொட்டியது. அதே இடத்தில் அடுத்த துளி திரளத் தொடங்கியது.