ஒரு பாதத்தின் விலாசம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகளில் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பலவற்றின் கழுத்தில் மூன்று, நான்கு எழுத்துகள் வெட்டியிருக்கும். அது அந்தக் குடும்பத்தின் விலாசம். பாட்டன், தகப்பன் என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். விவரம் தெரிந்த ஆச்சிமார்கள் அதைத் தடவிப் பார்த்தே எந்த ஊர், யார் வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவார்கள். ஓர் எழுத்து தேய்ந்துபோயிருந்தால் அவர்களாலும் சொல்ல முடியாது. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கு உரிய குறியீட்டைப் போடும் மெடிக்கல் கோடிங்தான் நான் பார்க்கும் வேலை. அதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்து 12 நாள். வலது உள்ளங்கால் இடது காலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குதிகால் மேலேறி, விரல்கள் கீழ்நோக்கி இருந்தன. பிரசவம் பார்த்த மருத்துவமனை கொடுத்த தாளில் ஒரே வரி: "பாதத்தில் குறைபாடு. எலும்பு மருத்துவரைப் பார்க்கவும்."

"என்ன எழுதியிருக்கிறார்கள் ஆத்தா?" என்று ஆச்சி கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பாதம், என்ன வகைக் கோணல், பிறவியிலேயே உள்ளதா என்று எதுவுமே அதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. 1893இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் இறப்புக் காரணங்களுக்காகத் தயாரித்த பட்டியலிலிருந்து வளர்ந்தது அது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்புதான் இன்றும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்தாம் பதிப்பில் முதலெழுத்து, நோய் எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது என்று காட்டும். 'கியூ' என்றால் பிறவிக் குறைபாடு, 'எம்' என்றால் எலும்பும் தசையும். அடுத்து வரும் இலக்கங்கள் குடும்பத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து ஆளுக்கும் இறங்கும். கியூ66 என்றால் பிறவியிலேயே வந்த பாதக் கோணல்கள். அதில் கியூ66.0 என்பதுதான் இந்தக் குழந்தைக்கு இருந்த வளைபாதம், கியூ66.5 தட்டைப் பாதம், கியூ66.7 நடுப்பாதம் அளவுக்கு மீறி வில்லாக உயர்ந்த பாதம். எதுவுமே தெரியாவிட்டால் கியூ66.9, அதாவது 'வகை குறிப்பிடப்படாதது'. தேய்ந்துபோன விலாசம் என்றால் அதுதான்.

அமெரிக்கா இதே பட்டியலை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே 2019 அக்டோபர் முதல் வலது வளைபாதம் கியூ66.01, இடது கியூ66.02, எந்தக் கால் என்று எழுதாவிட்டால் கியூ66.00. இரண்டு காலும் வளைந்திருந்தால் அதற்கென்று தனிக் குறியீடு கிடையாது. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். பிறந்தபின் வந்த வளைபாதம் என்றால் அத்தியாயமே மாறி, எம்21.5 என்ற வீட்டுக்குப் போய்விடும். போலியோவின் பின்விளைவாக வந்திருந்தால் பி91 என்ற குறியீடும் கூடவே வரவேண்டும்.

பன்னிரண்டு நாள் குழந்தைக்குப் பிறவிக் கோணல் என்று தனியாக எழுத வேண்டுமா என்று தோன்றலாம். அதே கோப்பை ஆறு வயதில் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் திறக்கும்போதுதான் அந்த ஒரு சொல்லின் அருமை தெரியும். அது இல்லாவிட்டால், பிறவியா, இடையில் வந்த நரம்புக் கோளாறா என்று முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். ஏட்டில் இல்லாததைக் குறியீட்டில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். படத்தைப் பார்த்து எனக்கே புரிந்தாலும், மருத்துவர் எழுதாத 'வலது' என்ற சொல்லை நான் சேர்க்க முடியாது. பேரேட்டில் வராத வரவைக் கணக்கப்பிள்ளை ஐந்தொகையில் காட்ட முடியாதல்லவா, அதுபோல.

மகள் சூலியாக இருந்தபோது கிரகணம் பார்த்துவிட்டாள் என்று ஆச்சி குமைந்தார். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளுக்குச் சுமார் இரு மடங்கு. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. பெற்றவள் செய்த தவறு எதுவும் இதில் இல்லை என்பதை நான் இரண்டு முறை சொன்னேன்.

சிகிச்சையும் எளியதுதான். அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையில், பாதத்தைக் கையால் மெல்லத் திருத்தி, வாரம் ஒரு மாவுக்கட்டு போடுவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகள். கடைசியில் குதிகால் தசைநாணைச் சிறிதாக வெட்டி மூன்று வாரம் ஒரு கட்டு. (நம் ஊரில் அதையும் நரம்பு என்பார்கள், நரம்பு வேறு, தசையை எலும்போடு பிணைக்கும் இது வேறு. வெட்டிய இடம் தானே கூடிவிடும்.) பிறகு கட்டையில் பொருத்திய காலணி: மூன்று மாதம் நாளெல்லாம், அப்புறம் நான்கு வயதுவரை தூங்கும்போது. இதை இடையில் நிறுத்தினால் கோணல் திரும்ப வரும். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இந்த முன்னேற்றம் எதையும் கியூ66.0 சொல்லாது. முதல் நாளும் அதே குறியீடு, ஐந்தாம் வாரமும் அதே குறியீடு. அதனால்தான் மருத்துவரின் குறிப்பில் பிரானி மதிப்பெண் வேண்டும் என்கிறேன். பாதத்தின் ஓர மடிப்பு, வளைவு, குதிகால் என ஆறு அடையாளங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1 என்று போடுவார்கள். மொத்தம் 6 என்றால் கடுமையான கோணல். குதிகாலை விரலால் அழுத்திப் பார்ப்பதும் அதில் ஒன்று. முகவாயைத் தொட்டதுபோல் எலும்பு உடனே தட்டுப்பட்டால் 0. கன்னம்போல் மெத்தென்று, எலும்பே அகப்படாமல் இருந்தால் 1. ஆச்சி தன் கன்னத்தையும் பேரனின் குதிகாலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

மறுநாளே எலும்பு மருத்துவரிடம் போனார்கள். போகும்போது மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்தக் கால், பிறவியா, மதிப்பெண் என்ன. ஆறு வாரம் கழித்து ஆச்சி கோப்பைப் படம் எடுத்து அனுப்பினார். முதல் வரி: "வலது பாதம், பிறவி வளைபாதம், வேறு குறைபாடு இல்லை. பிரானி 5." அதன் கீழே வாரத்துக்கு ஒன்றாக 4, 3, 2.5, 1.5 என்று இறங்கி வந்திருந்தது.