கடலில் இறக்கும் கருவி எப்போதும் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும்

கடல்நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் ஆகியவற்றை அறியக் கடலில் இறக்கும் சிடிடி கருவியை முதன்முறை கையில் வாங்கும் மாணவர்கள் திரையைத்தான் பார்க்கிறார்கள். வெப்பநிலை 28.41, உப்புத்தன்மை 33.20 என்று எண்கள் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததுபோல முகத்தில் ஒரு நிம்மதி. அதே கருவியை அடுத்து ஒரு வாளித் தண்ணீரில் வைக்கச் சொல்வேன். அப்புறம் சும்மா மேஜைமேல் வைக்கச் சொல்வேன். அப்போதும் எண் வரும், அதே இரண்டு தசம இடங்களோடு. பயிற்சியை நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

சிடிடி அளப்பவை மூன்று: மின்கடத்துத்திறன், வெப்பநிலை, அழுத்தம். உப்புத்தன்மையை அது நேரடியாக அளப்பதே இல்லை. இந்த மூன்றையும் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டுத் தருகிறது. ஆழமும் அழுத்தத்திலிருந்து வருவதுதான். உப்பு நீரின் கடத்துத்திறன் உப்பைப் பொறுத்து மாறுவதுபோலவே வெப்பத்தைப் பொறுத்தும் நிறைய மாறும். நம் கடல்போல வெதுவெதுப்பான நீரில் வெப்பநிலை ஒரு டிகிரி பிசகினால் உப்புத்தன்மை ஏறக்குறைய 0.7 பிசகிவிடும். கடலியலில் அது பெரிய தவறு. உலகக் கடல்களில் மிதந்தபடி தரவு அனுப்பும் ஆர்கோ மிதவைகளிடம் எதிர்பார்க்கப்படும் துல்லியமே 0.01.

சரி, நல்ல சென்சாரில் ஒரு டிகிரி எப்படிப் பிசகும்? சென்சார் கெட்டிருக்க வேண்டியதில்லை. கருவியை இறக்கும்போது கடத்துத்திறனை அளக்கும் செல் புது நீரைச் சட்டென்று உணர்ந்துவிடும். வெப்பநிலை சென்சாருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். குளிர்ந்த அடுக்குக்குள் நுழைகிற அந்த நொடியில் கடத்துத்திறன் குறைந்திருக்கும், வெப்பநிலை மட்டும் மேலடுக்கின் சூட்டையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கே இல்லாத ஒரு நன்னீர்ப் படலம் வரைபடத்தில் முள்போல நீட்டிக்கொண்டு நிற்கும். வங்கக் கடலில் இந்தத் தொல்லை அதிகம். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே பரவிக் கிடப்பதால், சில மீட்டருக்குள்ளேயே நீரின் குணம் தலைகீழாக மாறிவிடுகிறது.

அந்த முள்ளைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அடர்த்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள். கனமான நீருக்கு அடியில் லேசான நீர் இருப்பதாக வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். கடல் அப்படி நெடுநேரம் நிற்காது, புரண்டு கலந்துவிடும்.

ஆனால் சந்தேகம் வந்த புள்ளியை எல்லாம் அழித்துவிடுகிற பழக்கமும் ஆபத்தானது. குளிர்காலத்தில் வடக்கு வங்கக் கடலில் எடுத்த தரவைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்தால், "சென்சார் ரிப்பேர் சார், மேலே குளிர்ச்சி, கீழே சூடு" என்பார். அது ரிப்பேர் இல்லை. அங்கே மேற்பரப்பு குளிர்ந்த பிறகும், உப்புக் குறைவாக இருப்பதால் லேசாகவே மிதக்கிறது. அதன் அடியில் ஒன்றிரண்டு டிகிரி சூடான நீர் அப்படியே தங்கியிருக்கும். இங்கேயும் அடர்த்தியைப் பார்த்தால் ஒழுங்காகக் கீழே போகப் போக அதிகரித்திருக்கும். ஆகவே மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து அதில் திருத்துங்கள், எதை ஏன் திருத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இறக்கும் முறையைப் பற்றி. தண்ணீரில் போட்டவுடன் பதிவைத் தொடங்கக் கூடாது. செல்லுக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகள் கடத்துத்திறனைக் குறைத்துக் காட்டும். பம்ப் உள்ள பெரிய கருவியை 10 மீட்டர் அளவில் சில நிமிடம் ஊறவிட்டு, மேற்பரப்புவரை தூக்கி, அப்புறம்தான் சீராக இறக்குவார்கள். வேகம் விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இருந்தால் நல்லது. சென்சார்கள் கருவியின் அடிப்பக்கம் இருந்தால், இறங்கும்போது எடுத்த தரவே மேல். ஏறும்போது கருவியின் சட்டமே கலக்கிவிட்ட நீரைத்தான் அவை அளக்கும்.

சிறிய படகில் கயிறு கட்டி இறக்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். படகு டிரைவர் அண்ணன் "நீவாடு ஜாஸ்தியா இருக்கு தம்பி, கயிறு சாயுது பாரு" என்றால் காது கொடுங்கள். நீவாடு என்றால் நீரோட்டம். கயிறு 30 டிகிரி சாய்ந்தால், 50 மீட்டர் விட்டும் கருவி 43 மீட்டரில்தான் நிற்கும். லாக் புத்தகத்தில் கயிற்றின் நீளத்தை ஆழம் என்று எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கருவி கடல்தரையைத் தொட்டதா என்பதையும் கயிற்றைப் பிடித்திருக்கும் படகுக்காரர்கள்தான் முதலில் கையில் உணர்வார்கள்.

லாக் புத்தகம் என்றதும் நேரமும் இடமும் நினைவுக்கு வருகின்றன. கருவியின் கடிகாரம் உலக நேரத்தில், எழுதுகிறவர் இந்திய நேரத்தில் என்றால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். முகத்துவாரத்தில் அதற்குள் கடல் ஏற்றம் இறக்கமாகிவிடும். இடம் இதைவிட மோசம். பரங்கிப்பேட்டைக்கு வெளியே 11 டிகிரி 30 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 50 நிமிடம் கிழக்கு என்று ஜிபிஎஸ் காட்டுவதை, 11.30, 79.50 என்று கணினியில் போடுகிறார்கள். தசமத்தில் அது 11.50, 79.83 ஆக வேண்டும். தவறாகப் போட்டால் உங்கள் கடல் நிலையம் 40 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்விடும். தரையில் விழுந்ததால் இந்தத் தவறு உடனே கண்ணில் படும். நடுக்கடலில் எடுத்த நிலையமாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் மாணவர் மட்டத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். 2003 முதல் 2005 வரை கடலின் மேலடுக்கு குளிர்ந்துவிட்டது என்று 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. புவி வெப்பமடைதலையே கேள்வி கேட்கும் சேதி. அடுத்த ஆண்டே அதை எழுதியவர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். அட்லாண்டிக்கில் இருந்த சில ஆர்கோ மிதவைகளின் வெப்ப அளவுகள் தவறான ஆழத்தோடு இணைக்கப்பட்டு, உண்மையைவிடக் குளிராகக் காட்டியிருந்தன. கப்பல்களிலிருந்து போடும் எக்ஸ்பிடி என்ற பழைய கருவி இன்னொரு பக்கம் உண்மையைவிடச் சூடாகக் காட்டியிருந்தது; ஆர்கோ பெருகி அதன் பங்கு குறைந்தபோது கடலே குளிர்ந்ததுபோலத் தெரிந்தது. எக்ஸ்பிடியில் அழுத்த சென்சாரே கிடையாது, விழுந்த நேரத்தை வைத்து ஆழத்தை ஊகிப்பார்கள். சென்சார் வெப்பத்தைச் சரியாக அளந்தாலும், எந்த ஆழத்தில் அளந்தது என்பது தவறினால் போச்சு.

பராமரிப்பில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாவது ஓ-ரிங், அதாவது மூடி வழியே நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அதன்கீழ் ஒரு தலைமுடியோ மணல் துகளோ இருந்தால் போதும், நீர் உள்ளே புகுந்துவிடும். 1000 மீட்டரில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல 100 மடங்கு. சிலிக்கோன் கிரீஸைப் பளபளப்பு தெரிகிற அளவு தடவினால் போதும். அப்பினால் அதுவே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அவசரமாகத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் சேர்ந்திருந்தால் மூடி துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கும். மூடியின் பக்கம் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கையேட்டில் சொன்னபடி மெதுவாகத் தளர்த்த வேண்டும். இரண்டாவது, நன்னீரில் கழுவுவது. செல்லுக்குள் காய்ந்த உப்புப் படிகம் அடுத்த பயணத்தின் எண்களை மாற்றிவிடும். அதற்காக பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்க்கக் கூடாது.

இறக்குமுன்பும் ஏற்றியபின்பும் டெக்கில் அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடவே ஒரு பாட்டிலில் அதே ஆழத்து நீரை எடுத்து, ஆய்வகத்தில் உப்புத்தன்மையை அளக்கும் சாலினோமீட்டரில் போட்டு ஒப்பிடுங்கள். சென்சார் சிறிது சிறிதாக விலகிப்போவதை அந்த பாட்டில்தான் காட்டிக்கொடுக்கும்.

கருவி வாங்கப்போகும் கல்லூரித் துறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும், அது வெளியூரோ வெளிநாடோ போய்வர மாதங்கள் ஆகலாம். அந்தச் செலவையும் மாற்று ஓ-ரிங், கேபிள் செலவையும் முதல் நிதிக் கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால், "கருவிதான் வாங்கிக் கொடுத்தாச்சே, நன்றாகத்தானே எண் காட்டுகிறது" என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.