ரூபாய்த் தொகையை மட்டும் வைத்துப் பாதுகாப்புச் செலவை எடைபோடாதீர்கள்

இலங்கையின் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட மறுநாள் காலையில் என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்து சேர்வது ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கத்தில் 2009, மறுபக்கத்தில் நடப்பு ஆண்டு, இரண்டுக்கும் கீழே பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு, நடுவே சிவப்பில் ஒரு பெரிய அம்புக்குறி. பொதுநிதிக் கணக்குகளைப் படிப்பதும் படிப்பிப்பதும் என் தொழில் என்பதால், இதைப் பலர் எனக்கு அனுப்பி "இது சரிதானே?" என்று கேட்பார்கள். இம்முறை ஓர் இளம் செய்தியாளர் அந்தப் படத்தையே அடிப்படையாக வைத்து முழுக் கட்டுரை எழுதி, அச்சுக்குப் போகும் முன் பார்த்துத் தருமாறு நேரில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய கட்டுரையின் முதல் வரி இது: போர் உச்சத்தில் இருந்த 2009 இல் சுமார் 177 பில்லியன் ரூபாயாக இருந்த பாதுகாப்பு ஒதுக்கீடு, போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த 2024 இல் சுமார் 423 பில்லியனாக, அதாவது இரண்டு மடங்குக்கும் மேலாக, உயர்ந்துவிட்டது. இரண்டு எண்களும் அவர் எடுத்த இடத்தில் உள்ளவைதான். ஆனால் அவற்றை அருகருகே வைத்து எடுத்த முடிவு தவறு.

2009 இல் கொடுத்த ஒரு ரூபாயும் 2024 இல் கொடுத்த ஒரு ரூபாயும் ஒன்றல்ல. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அடுத்த ஆண்டு அதே படத்தை மீண்டும் பகிர்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். 2009 இல் ஒரு கிலோ நாட்டரிசியை எழுபது ரூபாய் அளவில் வாங்க முடிந்தது. 2024 டிசம்பரில் அரசு நிர்ணயித்த உச்ச விலையே 230 ரூபாய். இராணுவச் சிப்பாயின் தட்டில் விழுவதும் அதே அரிசிதான். அவருடைய சம்பளமும் வாகனத்துக்கான டீசலும் சீருடைத் துணியும் இதே விலைவாசிக்குள்தான் நிற்கின்றன. 2009 இல் ஒரு டொலர் சராசரியாக 115 ரூபாய். 2024 இல் ஏறத்தாழ 300 ரூபாய். அப்படிப் பார்த்தால் 177 பில்லியன் ரூபாய் அன்று ஒன்றரை பில்லியன் டொலரைச் சற்றுத் தாண்டியது. 423 பில்லியன் ரூபாய் 2024 இல் 1.4 பில்லியன் டொலர். ரூபாயில் இரண்டு மடங்குக்கும் மேலான தொகை டொலரில் குறைந்திருக்கிறது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் மூன்றரை விழுக்காட்டைத் தாண்டியிருந்த பங்கு, ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது.

இதை விளக்கி முடித்ததும் அந்தத் தம்பியின் முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் செலவு குறைந்துவிட்டது என்று எழுதவா, சேர்?" என்று கேட்டார். அதுவும் சரியல்ல. முதல் தவற்றைத் திருத்தியவர்களில் பாதிப்பேர் விழும் குழி இதுதான். ஆகவே 2021 முதல் 2023 வரையான மூன்று ஆண்டுகளை அவருடன் உட்கார்ந்து கணக்கிட்டேன்.

2021 இல் பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு சுமார் 355 பில்லியன், 2022 இல் சுமார் 373 பில்லியன், 2023 இல் சுமார் 410 பில்லியன். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 57.2 விழுக்காடாக இருந்தது. விலைகள் இவ்வளவு ஏறியபோது, பொருளாதாரம் உண்மையில் ஏழு விழுக்காட்டுக்கும் மேலாகச் சுருங்கியிருந்தும், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ரூபாய் மதிப்பு 17.6 டிரில்லியனிலிருந்து (ஒரு டிரில்லியன் என்பது ஆயிரம் பில்லியன்) 24 டிரில்லியனுக்குப் பாய்ந்தது. வகுக்கும் எண் வீங்கிவிட்டதால் பாதுகாப்புச் செலவின் பங்கு இரண்டு விழுக்காட்டிலிருந்து ஒன்றரையை நோக்கி இறங்கியது. இந்த இறக்கத்துக்கு ஒரு படைமுகாமை மூடவோ ஒரு பணியிடத்தைக் குறைக்கவோ தேவை இருக்கவில்லை. பணவீக்கம் செய்த வேலையை அரசின் சிக்கனம் என்று அவ்வாண்டில் பாராட்டியவர்களும், 410 என்ற எண்ணைக் காட்டி "பட்டினிக் காலத்திலும் படைக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்று எழுதியவர்களும் ஒரே பிழையை இரு பக்கமிருந்து செய்தார்கள்.

அலகுகளிலும் கவனம் தேவை. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. 373 பில்லியன் என்றால் 37,300 கோடி. இதை 3,730 கோடி என்றும் 373 கோடி என்றும் அச்சிட்ட கட்டுரைகளை ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, "பாதுகாப்பு அமைச்சு" என்ற பெயரை நம்பி ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள். பெயர் அதேதான், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2010 முதல் 2015 தொடக்கம் வரை அது பாதுகாப்பு, நகர அபிவிருத்தி அமைச்சு. நகர அபிவிருத்தி அதிகார சபை அதன் கீழ் இருந்ததால், கொழும்பின் நடைபாதைகளும் பூங்காக்களும் அந்த அமைச்சின் கணக்கில்தான் வந்தன. அதனால் 2013 இன் சுமார் 290 பில்லியனை எடுத்து முழுவதும் துப்பாக்கிக்குப் போனது என்று எழுதுவது கூடாது. பொலிஸ் திணைக்களமும் 2013 ஓகஸ்டில் சட்டம் ஒழுங்கு அமைச்சு பிரிக்கப்படும் வரை அதே அமைச்சின் கீழ் இருந்தது. இன்று அது பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது. வடக்கில் வாழும் வாசகர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கும் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களமே சம்பளம் கொடுத்தது. அரிச்சுவடி கற்பித்த ஆசிரியையின் சம்பளம் பாதுகாப்புச் செலவாகப் பதிவானது சரியா என்பது தனியாக விவாதிக்க வேண்டிய கேள்வி. அது அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதாவது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குக்கு வெளியே நிற்பவையும் உண்டு. முன்னாள் படையினரின் ஓய்வூதியம் ஓய்வூதியத் திணைக்களத்தின் ஊடாகப் போகிறது. பாதுகாப்பு அமைச்சின் பக்கங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. இருபத்திரண்டு ஆண்டு சேவை முடித்து நாற்பது வயதை ஒட்டி ஒரு சிப்பாய் வெளியேறும்போது, அவர் படையின் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்கி ஓய்வூதியப் பட்டியலுக்குள் நுழைகிறார். அமைச்சின் செலவு குறைந்ததாகத் தெரியும், அரசின் சுமை இடம்தான் மாறியிருக்கும். ஸ்டாக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவகம் தன் வரையறையில் ஓய்வூதியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நாடுகளுக்கிடையே ஒப்பிட விரும்புகிறவர்கள் அந்த அட்டவணையை எடுங்கள், அதிலும் நிலையான விலையில் கணக்கிட்ட அட்டவணையை எடுங்கள். ஒரு கட்டுரையில் ஓர் ஆண்டுக்கு அந்த நிறுவகத்தின் எண்ணையும் அடுத்த ஆண்டுக்கு நிதியமைச்சின் எண்ணையும் கலந்து வைக்காதீர்கள்.

நன்கொடைக் கப்பல்களும் அப்படித்தான். அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018 இல் கையளித்த கஜபாகுவும், சீனாவிடமிருந்து 2019 இல் வந்த பராக்கிரமபாகுவும் கொள்வனவுச் செலவாகப் பெரிதாகப் பதிவாகவில்லை. அவற்றை ஓட்டும் எரிபொருளும் பழுதுபார்ப்பும் மாலுமிகளின் சம்பளமும் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தத் தம்பியிடம் வரவு செலவுத் திட்டத்தின் அச்சிட்ட மதிப்பீட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இராணுவத்துக்குரிய 222 ஆம் செலவினத் தலைப்பைத் திறக்கச் சொன்னேன். 223 கடற்படை, 224 விமானப்படை. அவர் ஏவுகணை, பீரங்கி என்று ஏதோ தேடினார். முதலில் கண்ணில் பட்டது 1001 என்ற குறியீடு: சம்பளமும் கூலியும். அதற்கடுத்து மேலதிக நேரக் கொடுப்பனவு, பிறகு ஏனைய கொடுப்பனவுகள். கீழே இறங்கினால் 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும். பக்கத்தின் பெரும்பகுதி இப்படியே போனது. 2025 இல் பாதுகாப்பு அமைச்சுக்கான ஏறத்தாழ 442 பில்லியனில் சுமார் 382 பில்லியன் மீண்டெழும் செலவு, அதாவது ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு. கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு 60 பில்லியன் அளவுதான். நூறு ரூபாயில் எண்பத்தாறு ரூபாய் நாளாந்த நடப்புக்கே போகிறது, அதன் மிகப் பெரிய கூறு சம்பளம்.

இலங்கையின் படைச் செலவைப் பற்றிக் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது: போர் முடிந்த நாட்டுக்கு இத்தனை ஆட்கள் எதற்கு? வடக்கு கிழக்கில் முகாமுக்கு அருகே வாழும் மக்கள் 2009 இலிருந்து இதைக் கேட்கிறார்கள். தெற்கிலும் 2022 இன் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இந்த நியாயமான கேள்வியைத் தவறான எண்ணோடு சேர்த்துக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் எண்ணைத் திருத்திவிட்டு எழுந்து போய்விடுவார். அப்படி நடந்த கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். முகாமுக்குள் அகப்பட்டிருக்கும் காணியைப் பற்றிப் பேச வந்த ஒரு முதியவரின் முறை வருவதற்குள், பணவீக்கத்தைக் கழித்தாயா என்ற வாக்குவாதத்தில் நேரம் முடிந்துபோனது.

2023 ஜனவரியில் அரசு ஓர் அறிவிப்பு விடுத்தது: 200,783 ஆக உள்ள இராணுவ ஆளணி 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும். பத்திரிகைகள் பாதி இராணுவம் வீடு போகிறது என்ற தொனியில் தலைப்பிட்டன. 200,783 என்பது அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, அதாவது இருக்கலாம் என்று அனுமதித்த எண்ணிக்கை. சம்பளம் வாங்கும் ஆட்களின் எண்ணிக்கை அல்ல. காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நீக்கினால் காகிதத்தில் ஆளணி குறையும், 1001 ஆம் குறியீட்டில் ஒரு சதமும் குறையாது.

ஆகவே, எழுதுபவர்களிடமும் பகிர்பவர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒதுக்கீட்டை ஒதுக்கீட்டுடன் ஒப்பிடுங்கள், உண்மைச் செலவை உண்மைச் செலவுடன் ஒப்பிடுங்கள். மதிப்பீட்டுப் புத்தகத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய உண்மைச் செலவு அதே பக்கத்தில் ஒரு பத்தியில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் எழுதுவதற்குச் சாக்குச் சொல்லாதீர்கள். ஆண்டின் நடுவே கூடுதல் நிதி கோரும் குறைநிரப்புப் பிரேரணை வந்ததா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துப் போக்கு என்று சொல்லாதீர்கள், குறைந்தது பத்து ஆண்டுகளை எடுங்கள், அவற்றில் 2022 ஐத் தனியாகக் குறித்து வையுங்கள். ரூபாய், விலைவாசி நீக்கிய மதிப்பு, உற்பத்தியில் பங்கு ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். மூன்றும் ஒரே திசையில் நகராத இடத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அந்தத் தம்பி கட்டுரையைத் திரும்ப எழுத இரண்டு நாள் கேட்டார், ஆசிரியரிடம் நானே பேசி அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுத்தேன். புதிய கட்டுரையில் அம்புக்குறி இல்லை. 222, 223, 224 ஆகிய மூன்று தலைப்புகளின் சம்பளத் தொகையும் ஓய்வூதியத் திணைக்களம் படையினருக்குக் கொடுக்கும் தொகையும் பத்து ஆண்டுகளுக்கு அருகருகே நிற்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. 2030 வரை நிரப்ப வேண்டிய கட்டங்களை அவர் காலியாக விட்டிருக்கிறார்.