கல்லீரல் அள்ளாமல் விட்ட கொலஸ்ட்ரால்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல்., அதாவது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்ற வரிக்குப் பக்கத்தில் 160 என்று இருந்தால், வீட்டில் முதல் பழி முட்டையின் மஞ்சள் கரு மீதுதான் விழும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண், ரத்தத்துக்குள் எவ்வளவு வந்தது என்பதை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு அள்ளப்படாமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அள்ளும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. அதற்கான கை, கல்லீரல் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். பெயர் எல்.டி.எல். ஏற்பி.

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் பொட்டலமாகத்தான் பயணம் செய்யும். எல்.டி.எல். அப்படி ஒரு பொட்டலம்: சுமார் 22 நானோமீட்டர் குறுக்களவு, உள்ளே ஏறத்தாழ 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள், வெளியே சுற்றிக் கட்டிய கயிறுபோல அப்போ-பி100 என்ற ஒரே ஒரு நீளமான புரதம். ஏற்பி பிடிப்பது அந்தக் கயிற்றைத்தான்.

இது தெரியவந்தது 1970களில், அமெரிக்காவின் டல்லஸ் நகரில். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு பரம்பரை நோயைத் துருவிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துசேர்ந்த குழந்தைகளுக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் 600க்கு மேல் இருக்கும். முழங்கை, முழங்கால், குதிகால் தசைநாண் என்று மஞ்சள் கட்டிகள் புடைத்திருக்கும். சிலருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மாரடைப்பு வந்துவிடும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுது வந்து, மரபணுவின் ஒரே ஒரு பிரதி பழுதானவர்கள் இன்னும் அதிகம். உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவர்.

ஒரு குழந்தையின் கல்லீரலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. தோலில் ஒரு பொட்டு எடுத்தால் கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்துவிடலாம். அதைத்தான் செய்தார்கள். தட்டில் எல்.டி.எல். ஊற்றினால், சாதாரணத் தோல் செல்கள் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்வதை நிறுத்திவிட்டன. எடுத்துவிட்டால் மறுபடி செய்யத் தொடங்கின. நோயாளியின் செல்களோ எவ்வளவு எல்.டி.எல். ஊற்றினாலும் அசரவில்லை. கொலஸ்ட்ரால் செய்யும் எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி அவற்றில் 40 முதல் 60 மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, நொதியில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, வெறும் கொலஸ்ட்ராலை எத்தனாலில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நொதி சட்டென்று அடங்கிவிட்டது! அதாவது நொதிக்குச் சொன்னால் புரிகிறது. சொல்ல வேண்டிய சரக்குதான் உள்ளே போய்ச் சேரவில்லை. வாசலில் ஆறு கரைபுரண்டு ஓட, வீட்டுக்குள் கிணறு வெட்டிக்கொண்டிருந்தன அந்தச் செல்கள். கதிரியக்க அயோடின் ஒட்டிய எல்.டி.எல்.லைக் கொடுத்தபோது காரணம் தெரிந்தது. சாதாரணச் செல்கள் அதை இறுகப் பிடித்தன. நோயாளியின் செல்களில் பிடிக்க ஆளில்லை. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி எல்.டி.எல்.லைப் பிடித்ததும் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு குழியில் போய் நிற்கிறது. குழி உள்வாங்கி, குமிழாக முடிச்சிட்டு உள்ளே இறங்குகிறது. குமிழுக்குள் அமிலத்தன்மை கூடும்போது ஏற்பி மடங்கி, சுமையை விட்டுவிடுகிறது. எல்.டி.எல். செரிமானத்துக்குப் போகும், ஏற்பி மேலே திரும்பும். ஒரு நடைக்குச் சுமார் 10 நிமிடம். ஏறக்குறைய 20 மணி நேர ஆயுளில் நூறு நடைக்கு மேல் போய்வந்துவிடும். ஒரு நோயாளியின் ஏற்பிகள் எல்.டி.எல்.லை நன்றாகவே பிடித்தன, ஆனால் குழிக்குப் போகாமல் மேற்பரப்பில் சிதறி நின்றன. பிற்பாடு பார்த்தால், ஏற்பியின் வால் பகுதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. நோய் வர அது போதும்.

கல்லீரல்தான் முக்கியம் என்பதற்கு 1984இல் கண்கூடான சாட்சி கிடைத்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், இதே நோய் இருந்த 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றிவைத்தார்கள். 1,000ஐத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் 300 அளவுக்கு இறங்கியது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையும் இந்த ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது. கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைப்பதால் ரத்தம் சுத்தமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. மாத்திரை கல்லீரல் செல்லின் உற்பத்தியை முடக்குகிறது. செல்லுக்குப் பற்றாக்குறை வருகிறது. உடனே அது அதிக ஏற்பிகளைச் செய்து வெளியே நீட்டி, ரத்தத்திலிருந்து அள்ளிக்கொள்கிறது. ஏற்பியே செய்ய முடியாத குழந்தைகளுக்கு ஸ்டாட்டின் பெரிதாக உதவாததும் இதனால்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. பற்றாக்குறை வந்தால் செல் ஏற்பியை மட்டுமா செய்கிறது? பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தையும் சேர்த்தே செய்கிறது. அதன் வேலை ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, குமிழுக்குள் மடங்கவிடாமல் தடுத்து, எல்.டி.எல்.லோடு அதையும் செரிமானத்துக்கு அனுப்புவது. ஸ்டாட்டின் அளவை இரட்டித்தாலும் எல்.டி.எல். கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் குறைகிறது. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

2003இல் பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி உழைப்பதால் கொலஸ்ட்ரால் ஏறுவதைக் கண்டார்கள். அப்படியென்றால் அது உழைக்காதவர்களும் எங்கோ இருக்க வேண்டுமே! ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள், அதுவும் டல்லஸில்தான். பி.சி.எஸ்.கே.9 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதமும், இதய நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்தது. பிறந்ததிலிருந்தே எல்.டி.எல். குறைவாக ஓடியதன் பலன் அது. 2015இல் இந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஊசி மருந்துகள் சந்தைக்கு வந்தன.

இரண்டு பிரதிகளும் செயலிழந்த ஓர் இளம்பெண்ணும் அந்தத் தேடலில் அகப்பட்டார். அவருடைய எல்.டி.எல். 14. உடம்பில் எந்தக் குறையும் இல்லை.