தூங்க வைக்கும் ஊசியும் இதயத் துடிப்பும்

கட்டுக்கடங்காமல் திமிறும் ஒருவரை நாலைந்து பேர் பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது, உடன் வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், முதல்ல ஒரு ஊசி போட்டுத் தூங்க வைங்க."

போடத்தான் செய்கிறோம். "செரினேஸ், பினர்கான்" என்று நர்ஸ்கள் ஒரே மூச்சில் சொல்லும் ஜோடி அது, ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும். வேலூர் சி.எம்.சி.யில் 200 நோயாளிகளிடம் இதை லோராசிபாம் என்ற இன்னொரு அமைதிப்படுத்தும் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டுமே பலன் தந்தன, ஜோடி இன்னும் சீக்கிரம் தூங்க வைத்தது. ஆகவே ஊசியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஈசிஜியில் அதைக் க்யூடி இடைவெளியை வைத்து அளக்கிறோம். ஹாலோபெரிடால் அதை நீட்டக்கூடியது. நாடி வேகத்துக்கேற்பத் திருத்திய கணக்கு 500 மில்லிசெகண்டைத் தாண்டினால், டார்சாட் என்ற ஆபத்தான தாளக்கேடு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஹாலோபெரிடாலை நரம்பில் போடும்போதும் அதிக அளவில் கொடுக்கும்போதும் இது நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-இல் எச்சரித்தது.

பெரும்பாலும் ஒரு ஊசி தனியாக இதைச் செய்வதில்லை. ஏற்கனவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு வாரம் சாப்பாடில்லாமல் குடித்தவர் திடீரென நிறுத்துகிறார். கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். வாந்தியிலும் குடியிலும் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கியிருக்கும். பக்கத்து கிளினிக்கில் வாந்திக்கு ஒண்டான்செட்ரான், இருமலுக்கு அசித்ரோமைசின் கொடுத்திருப்பார்கள். இரண்டும் க்யூடியை நீட்டுபவை. அதன் மேல் நாங்கள் ஹாலோபெரிடால் போட்டால்? இவருக்கு என் கை முதலில் லோராசிபாமுக்குத்தான் போகும். அது க்யூடியைத் தொடாது, குடி நிறுத்தக் கோளாறுக்கு மருந்தும் அதுவே. ஆனால் உடம்பில் இன்னும் சாராயம் இருந்தால் மூச்சு குறையும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே ஆள் திடீரெனக் கண் செருகி வெட்டி இழுத்தால் எல்லோரும் "குடி நிறுத்தின ஃபிட்ஸ்" என்பார்கள். பல நேரம் அதுதான். ஆனால் சில நொடி டார்சாட் ஓடி மூளைக்கு ரத்தம் நின்றாலும் பார்க்க அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் நாடியைத் தொட்டு மானிட்டரைப் பார்க்காவிட்டால் அது நம் கண்ணுக்குத் தப்பிவிடும். டார்சாட் என்றால் நரம்பு வழியே 2 கிராம் மக்னீசியம் சல்பேட். நாடியே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் சிபிஆரும் மின்சார ஷாக்கும்தான் முதலில்.

ஈசிஜி எடுக்காதவருக்கு இந்த ஜோடியைத் தவிர்த்து லோராசிபாம் போடச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் தந்த வழிகாட்டுதல். சரி, திமிறுபவரின் நெஞ்சில் லீட் ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கூத்து! முன்னால் முடியாவிட்டால் அடங்கிய உடனே எடுக்க வேண்டும். நடப்பதோ வேறு. ஆள் தூங்கியதும் எல்லோரும் பெருமூச்சு விட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறோம். மருந்து முழு வேகத்தில் வேலை செய்வது அப்போதுதான். நாடி, மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் எல்லாம் அந்தத் தூக்கத்தில்தான் பார்க்கப்பட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் அரளி விதை. அதைத் தின்றுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர், படபடப்போடும் கோபத்தோடும் "மனநிலை சரியில்லை" என்று வந்து சேரலாம். அரளி இதயத் துடிப்பைக் குறைத்து மின்னோட்டத்தையே தடுக்கும். நாடி மெதுவாக ஓடினால் ஊசிக்கு முன்பே சந்தேகப்பட வேண்டும்.

உடன் வருபவர்கள் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைக் காலியானதோடு சேர்த்து ஒரு பையில் அள்ளி வாருங்கள். கடைசியாக எப்போது குடித்தார், எதையாவது விழுங்கினாரா என்பதை மறைக்க வேண்டாம். அப்புறம், அவருக்கு முன்பு மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்ததுண்டா என்று நாங்கள் கேட்டால், "இப்ப எதுக்கு டாக்டர் அதெல்லாம்?" என்று எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். பிறவியிலேயே க்யூடி நீண்டிருக்கும் குடும்பங்களும் உண்டு.